தேதி போடாத புத்தகத்துக்கு வயது கண்டுபிடிப்பது: ஒரு குடும்பப் பதிப்பகத்தின் வரலாற்றைத் தேடும் வழி

சில வருடங்களுக்கு முன் ஆன்லைனில் ஒரு பழைய படப் புத்தகம் வாங்கினேன். ராண்டால்ஃப் கால்டிகாட் படம் போட்டது. "1878, முதல் பதிப்பு" என்று விற்றவர் எழுதியிருந்தார்; விலையும் அதற்குத் தகுந்தாற்போல் இருந்தது. பார்சலைப் பிரித்து அட்டையைத் தடவிப் பார்த்தபோது மனசு குளிர்ந்தது. அடுத்த நிமிடம் அட்டையில் இருந்த பதிப்பாளர் பெயரைப் படித்தேன். ஃப்ரெடரிக் வார்ன் அண்ட் கம்பெனி.

அங்கேதான் விஷயம். கால்டிகாட்டின் படப் புத்தகங்கள் 1878 முதல் 1885 வரை கிறிஸ்துமஸுக்கு இரண்டு வீதம், மொத்தம் 16 வந்தன. வெளியிட்டவர் ஜார்ஜ் ரூட்லெட்ஜ். அதே புத்தகங்கள் பின்னாளில் வார்னிடம் போய், அவர்கள் பெயரில் திரும்பத் திரும்ப அச்சாயின. என் கையில் இருந்தது அப்படிப்பட்ட மறுபதிப்பு. விற்றவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். புத்தகத்தில் வருடம் எங்கேயுமே இல்லை. எங்கேயோ 1878 என்று படித்திருப்பார், போட்டுவிட்டார்.

ரூட்லெட்ஜிடமிருந்து ஏன் வார்னுக்குப் போனது என்று தேடப்போய், ஒரு குடும்பத்தின் முழுக் கதைக்குள் விழுந்தேன். அந்தத் தேடலில் கற்றுக்கொண்ட வழிமுறையைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். உதாரணம் முழுக்க லண்டனின் வார்ன் குடும்பம். லண்டனின் டார்ட்டன், டீன் அண்ட் சன், நியூயார்க்கின் மெக்லாலின் பிரதர்ஸ் என்று எந்த 19ஆம் நூற்றாண்டுக் குடும்பப் பதிப்பகத்தை எடுத்தாலும் இதே படிகள் செல்லும்.

முதல் படி: கம்பெனிப் பெயரை வம்சாவளியாகப் படியுங்கள்

புத்தகங்களிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, பதிப்பகத்தின் பெயர் எந்தெந்த வருடம் எப்படி மாறியது என்று ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். பெயர் மாறிய ஒவ்வொரு இடத்திலும் வீட்டில் ஒரு கல்யாணமோ, சாவோ, சண்டையோ, மகனுக்கு வயது வந்ததோ இருக்கும்.

வார்ன் கதையை இப்படி எழுதிப் பார்த்தால் அது வார்னில் தொடங்காது. ஜார்ஜ் ரூட்லெட்ஜ் 1836இல் லண்டனில் சின்னதாகப் புத்தகக் கடை வைக்கிறார். அவர் மனைவி மரியா எலிசபெத், வார்ன் வீட்டுப் பெண். மனைவியின் தம்பி ஃப்ரெடரிக் வார்ன் 1825இல் பிறந்தவர். கட்டடம் கட்டும் தொழில் பார்த்த எட்மண்ட் வார்னின் கடைசி மகன். 14 வயதில் அக்காள் புருஷன் கடைக்கு வேலைக்கு வந்து சேர்கிறார். அண்ணன் வில்லியம் ஹென்றி வார்னும் அங்கேதான். 1848இல் அண்ணன் தொழில் பங்காளி ஆகிறார். 1851இல் தம்பியும் பங்காளி. 1858இல் ரூட்லெட்ஜின் மகன் ராபர்ட் உள்ளே வருகிறார். கம்பெனிப் பெயர் "ரூட்லெட்ஜ், வார்ன் அண்ட் ரூட்லெட்ஜ்" ஆகிறது. முன்னால் அத்தான், நடுவில் மைத்துனர், பின்னால் மகன். அந்த மகனின் முழுப் பெயர் ராபர்ட் வார்ன் ரூட்லெட்ஜ் என்பதையும் கவனியுங்கள்; அம்மா வீட்டுப் பெயரும் அவருக்குள் இருக்கிறது.

அப்புறம் தேதிகளை அடுக்குங்கள். 1855இல் மரியா எலிசபெத் இறக்கிறார். 1858இல் ரூட்லெட்ஜ் மறுமணம் செய்துகொள்கிறார். 1859இல் வில்லியம் ஹென்றி இறக்கிறார். 1865இல் ஃப்ரெடரிக் பிரிந்துபோய்த் தனிக்கடை போடுகிறார். ரூட்லெட்ஜ் பக்கம் இன்னொரு மகன் வந்துசேர, அது "ஜார்ஜ் ரூட்லெட்ஜ் அண்ட் சன்ஸ்" ஆகிறது.

அக்காள் போனபின் உறவு தளர்ந்தது, அதனால்தான் பாகம் பிரிந்தது என்று எழுதக் கை துறுதுறுக்கும். நானும் ஒரு தடவை அப்படி எழுதி, அடித்துவிட்டேன். தேதிகள் வரிசையாக நிற்பது சாட்சி ஆகிவிடாது. நம் ஊரில் பெரிய துணிக்கடைகள், நகைக்கடைகள் எல்லாம் அண்ணன் தம்பி பெயரில் இரண்டாகப் பிரிவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த இடத்தில் கற்பனை கொஞ்சம் அதிகமாகவே ஓடும். கடிதமோ கணக்கோ கிடைக்கும்வரை "பிரிந்தார்" என்று மட்டும் எழுதுவது நல்லது.

இந்தத் தேதிகளெல்லாம் எங்கே கிடைக்கும்? பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்த பிரிட்டிஷ் மக்கள்தொகைக் கணக்கு, தேவாலயத் திருமணப் பதிவு, உயில் பதிவு, கூட்டுத்தொழில் கலைப்பு அறிவிப்புகள் வெளியான லண்டன் கெஸட். கெஸட்டின் பழைய இதழ்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பெயரைப் போட்டுத் தேடினால் போதும்.

இந்தப் படியில் இன்னொன்று: நடுப்பெயர்களைக் குறித்துவையுங்கள். ஃப்ரெடரிக் வார்ன் 1852இல் கல்யாணம் செய்துகொண்டது ஜெர்சி தீவைச் சேர்ந்த வில்லியம் ஃப்ரூயிங் என்பவரின் மகள் லூயிஸா ஜேனை. பிற்பாடு கம்பெனியை நடத்திய மகன்கள் மூன்று பேர்: ஹாரல்ட் எட்மண்ட், வில்லியம் ஃப்ரூயிங், நார்மன் டால்ஸியல். முதல் பெயரில் தாத்தா எட்மண்ட் இருக்கிறார். இரண்டாவதில் அம்மாவைப் பெற்ற தாத்தா. மூன்றாவதில், அந்தக் காலத்து லண்டன் பதிப்பகங்களுக்கெல்லாம் மரக்கட்டையில் படம் செதுக்கித் தந்த டால்ஸியல் சகோதரர்களின் பெயர். ஃப்ரூயிங் என்ற பெயரைத் தாளின் ஓரத்தில் வட்டம் போட்டு வையுங்கள். 1917க்கு வரும்போது அது வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: தலைப்புப் பக்கத்தின் அடியில் பாருங்கள்

புத்தகத்தின் தலைப்பையும் படத்தையும் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பாளர் பெயரும் ஊரும் முகவரியும். வார்னைப் பொறுத்தவரை நான் வைத்திருக்கும் கணக்கு இது.

"ரூட்லெட்ஜ், வார்ன் அண்ட் ரூட்லெட்ஜ்" என்றிருந்தால் 1858க்கும் 1865க்கும் இடையில். உதாரணம் எட்வர்ட் லியரின் நான்சென்ஸ் புத்தகத்தின் (அர்த்தமில்லாத வேடிக்கைப் பாட்டுகள்) 1861 விரிவான பதிப்பு. முதலில் அது 1846இல் வேறொரு பதிப்பாளரிடம் வந்தது. 1862இல் லியர் தன் உரிமையை ரூட்லெட்ஜ், வார்ன் கம்பெனிக்கு 125 பவுண்டுக்கு விற்றுவிட்டார். அதற்கப்புறம் எத்தனை பதிப்பு வந்தாலும் லாபம் பதிப்பாளருக்குத்தான். ஒன்றரை நூற்றாண்டு ஓடிய புத்தகம்!

"ஃப்ரெடரிக் வார்ன் அண்ட் கோ., பெட்ஃபர்ட் ஸ்ட்ரீட்" என்றிருந்தால் 1865க்குப் பிறகு. புதுக்கடை 15, பெட்ஃபர்ட் தெருவில், காவென்ட் கார்டன் பக்கம் தொடங்கியது. உடன் சேர்ந்த பங்காளிகள் எட்வர்ட் ஜேம்ஸ் டாட், டியூரே என்ற இருவர். பக்கத்தில் சாண்டோஸ் தெரு. வார்னின் மலிவு விலை வரிசையான "சாண்டோஸ் கிளாஸிக்ஸ்" பெயரைப் பார்த்து யாரோ பிரபு பரம்பரை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், தெருமுனைப் பெயர்தான்.

"லண்டன் அண்ட் நியூயார்க்" என்று இரண்டு ஊர் இருந்தால் 1881க்குப் பிறகு. அந்த வருடம்தான் நியூயார்க்கில் கிளை திறந்தார்கள். கடைசியில் "லிமிடெட்" ஒட்டிக்கொண்டிருந்தால் 1919க்குப் பிறகு. இந்த ஒரு சொல் எத்தனையோ "முதல் பதிப்பு" விளம்பரங்களைக் கவிழ்த்துவிடும். 0 7232 என்று தொடங்கும் ஐஎஸ்பிஎன் இருந்தால் அது நம் காலத்துப் புத்தகம். அந்த எண் வார்னுடையது.

பதிப்புரிமை வருடத்தை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். "காப்பிரைட் 1902" என்று பின்பக்கத்தில் இருப்பது அந்தக் கதை எப்போது பதிவானது என்பதைச் சொல்கிறது. உங்கள் கையில் இருக்கும் பிரதி எப்போது அச்சானது என்பதை அல்ல.

மூன்றாம் படி: வருடம் இல்லாத புத்தகத்தைப் பேசவையுங்கள்

விக்டோரியா காலத்துக் குழந்தைப் புத்தகப் பதிப்பாளர்கள் வேண்டுமென்றேதான் வருடம் போடாமல் விட்டார்கள். காரணம் வியாபாரம். கிறிஸ்துமஸுக்கு வாங்கும் அத்தைமார்களுக்குப் போன வருடத்துப் புத்தகம் பழசாகத் தெரியக் கூடாது. கிட்டங்கியில் மிஞ்சியது அடுத்த வருடமும் புதுசாக விற்க வேண்டும்.

வார்னின் ஆரம்பகால வெற்றி "ஆன்ட் லூயிஸாஸ் லண்டன் டாய் புக்ஸ்" என்ற வரிசை. டாய் புக் என்றால் பொம்மை அல்ல. பெரிய தாளில், கெட்டி வண்ணத்தில், சில பக்கங்களே உள்ள படக்கதை. காகிதத்தில் ஒரு ஷில்லிங், குழந்தை கிழிக்காமலிருக்கத் துணியில் ஒட்டியது இரண்டு ஷில்லிங். லூயிஸா அத்தை என்ற பெயருக்குப் பின்னால் இருந்தவர் லாரா வேலன்டைன் என்ற எழுத்தாளர். வார்னுக்காக எழுதுவதும் தொகுப்பதுமாகப் பல காலம் உழைத்தவர். வார்ன் வரலாறு என்று எழுதுகிறவர்கள் இவருக்கு ஒரு வரிதான் ஒதுக்குகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. கம்பெனி நிமிர்ந்து நின்றது இந்த ஒரு ஷில்லிங் புத்தகங்களை வைத்துத்தான்.

இந்தப் புத்தகங்களில் வருடம் கிடையாது. அப்படியானால் என்ன செய்வது?

பின்னட்டையைப் புரட்டுங்கள். அதே வரிசையில் வந்த மற்றப் புத்தகங்களின் பட்டியல் அங்கே இருக்கும். பட்டியலில் கடைசியாக உள்ள தலைப்பு எப்போது வந்ததென்று தெரிந்தால், உங்கள் பிரதி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. இது கீழெல்லை. மேலெல்லைக்கு உள்ளட்டையைப் பாருங்கள். "வருகைப்பதிவுக்காக", "நன்னடத்தைக்காக" என்று ஞாயிற்றுப்பள்ளி ஒட்டிய பரிசுச் சீட்டோ, "மேரிக்கு, சித்தியின் அன்புடன், கிறிஸ்துமஸ் 1874" என்ற மாதிரி ஒரு கையெழுத்தோ இருந்தால், அந்த நாளுக்குள் அச்சாகிவிட்டது என்று பொருள். இரண்டு எல்லைக்கும் இடையில் ஐந்தாறு வருட இடைவெளி கிடைத்தாலே பெரிய விஷயம்.

இன்னும் நெருங்க வேண்டுமென்றால் தொழில் பத்திரிகைகளுக்குப் போக வேண்டும். "பப்ளிஷர்ஸ் சர்க்குலர்", "புக்செல்லர்" என்ற இரண்டிலும் ஒவ்வொரு இதழிலும் புதுப் புத்தகப் பட்டியல் உண்டு. அவற்றின் கிறிஸ்துமஸ் இதழ்கள் தலையணை போலத் தடிமன். பதிப்பாளர்களின் படம் போட்ட விளம்பரம் நிரம்பி வழியும். பிரிட்டிஷ் நூலகப் பிரதிகளில் வந்துசேர்ந்த தேதி முத்திரை இருக்கும்; அதுவும் நல்ல சாட்சி.

புத்தகத்தைக் கையில் பிடிக்க வழியில்லாதவர்களுக்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் பால்ட்வின் நூலகம் பெரிய வரப்பிரசாதம். பழைய ஆங்கிலக் குழந்தைப் புத்தகங்களை அட்டை முதல் அட்டை வரை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள், விளம்பரப் பக்கம் உட்பட. டொரொண்டோ பொது நூலகத்தின் ஆஸ்பர்ன் சேகரிப்பும் அப்படியொரு புதையல். சென்னையில் உட்கார்ந்துகொண்டு இரவு பதினோரு மணிக்கு 1870களின் பின்னட்டைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் சுகத்தை வேறு எதனோடும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

நான்காம் படி: பூதக்கண்ணாடி

பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு சின்ன லென்ஸ் வாங்குங்கள். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அது. ஒரு படத்தின் கன்னப் பகுதியையோ வானத்தையோ உற்றுப் பாருங்கள்.

மெல்லிய கோடுகளும் குறுக்குக் கோடுகளும் தெரிந்தால் மரக்கட்டை அச்சு. லண்டனில் எட்மண்ட் எவன்ஸ் என்ற அச்சகத்தார் இதில் மன்னன். கறுப்புக் கோட்டுக்கு ஒரு கட்டை, அப்புறம் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கட்டை. ஒன்றன்மேல் ஒன்று இம்மி பிசகாமல் விழ வேண்டும். கால்டிகாட், கேட் கிரீன்அவே, வால்டர் கிரேன் மூவரின் படங்களும் இவர் கையில்தான் அச்சாயின. கிரீன்அவேயின் முதல் புத்தகத்தை 1879இல் எவன்ஸ் 20,000 பிரதி அடித்தபோது ரூட்லெட்ஜ் சிரித்தாராம், அதுவும் ஆறு ஷில்லிங் விலையில் யார் வாங்குவார்கள் என்று. மறு அச்சு முடிவதற்குள் இருந்ததெல்லாம் தீர்ந்துபோய்விட்டது.

ஒழுங்கில்லாமல் தெளித்த மாதிரிப் புள்ளிகள் தெரிந்தால் கல்லச்சு. வரிசையான வலை போல, மஞ்சள், சிவப்பு, நீலப் புள்ளிகள் ஒழுங்காக அமர்ந்திருந்தால் மூவண்ண ஹாஃப்டோன். புகைப்பட முறையில் செய்த உலோகக் கட்டை. இது 1890களின் பிற்பகுதியிலிருந்துதான் குழந்தைப் புத்தகங்களில் பரவியது. இதற்குப் பளபளப்பான பூச்சுத் தாள் வேண்டும். புத்தகம் சின்னதாக இருந்தும் கையில் கனக்கிறதா? காரணம் அந்தப் பூச்சு.

ஐந்தாம் படி: கோர்ட்டுக்குப் போனார்களா என்று தேடுங்கள்

பதிப்பாளர்கள் தங்கள் பெருமையைத் தாங்களே எழுதுவார்கள். பணம் எங்கே இருந்தது என்பதை வழக்குகள் சொல்லும். 1886இல் ஃபிரான்சிஸ் ஹாட்சன் பர்னெட்டின் "லிட்டில் லார்ட் ஃபான்ட்லெராய்" பிரிட்டனில் வார்ன் வழியாக வந்து ஊரையே பிடித்துக்கொண்டது. சீபோம் என்பவர் கதையை அனுமதியில்லாமல் நாடகமாக்கினார். அன்றைய சட்டப்படி ஒரு நாவலை மேடையில் நடிப்பது திருட்டாகாது! 1888இல் வார்ன் வழக்குப் போட்டார்கள். நாடகப் பிரதியைத் தணிக்கை அதிகாரிக்கு ஒன்று, நடிகர்களுக்கு மூன்று என்று நான்கு நகல் எடுத்திருந்தார் சீபோம். அந்த நகல்களில் நாவலின் வசனம் நீளநீளமாக அப்படியே இருந்ததால் நகலெடுத்ததுதான் குற்றம் என்று தீர்ப்பானது. நடித்தது குற்றமில்லை, எழுதி எடுத்ததுதான் குற்றம். பதிப்புரிமைப் பாடப் புத்தகங்களில் "வார்ன் எதிர் சீபோம்" என்று இன்றும் வரும் வழக்கு இது. ஒரு குழந்தைப் புத்தகம் எவ்வளவு பெரிய சொத்து என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல ஆவணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆறாம் படி: ஒரே ஒரு புத்தகத்தை ஆணிவேர் வரை தோண்டுங்கள்

எல்லாப் புத்தகத்தையும் தேட முடியாது. ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வார்னுக்கு அது எதுவென்று சொல்லவே வேண்டாம், பீட்டர் ராபிட்.

பீட்ரிக்ஸ் பாட்டர் 1893 செப்டம்பர் 4 அன்று, உடம்பு சரியில்லாமல் இருந்த நோயல் மூர் என்ற சிறுவனுக்குப் படக்கடிதமாக எழுதியது அந்த முயல் கதை. பிற்பாடு புத்தகமாக்கிப் பதிப்பாளர்களுக்கு அனுப்பினார்; ஒருவரும் எடுக்கவில்லை, வார்ன் உட்பட. 1901 டிசம்பரில் தன் சொந்தச் செலவில் 250 பிரதி அடித்தார். படமெல்லாம் கறுப்புக் கோடு. முகப்புப் படம் மட்டும் வண்ணம். அது தீர்ந்து 1902 பிப்ரவரியில் இன்னும் 200. முதல் 250க்கு முதுகு தட்டையாக இருக்கும், அடுத்த 200க்கு வளைவாக. இதற்குள் வார்ன் மனம் மாறி, படமெல்லாம் வண்ணமாக இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். நிறுவனர் ஃப்ரெடரிக் அதற்குச் சில வாரம் முன்பு, 1901 நவம்பரில்தான் காலமாகியிருந்தார். வேலையிலிருந்து அவர் ஒதுங்கிச் சில வருடங்களாகி, கடை மகன்கள் கையில் இருந்தது.

1902 அக்டோபரில் வார்ன் பதிப்பு 8,000 பிரதி வந்தது. காகித அட்டை ஒரு ஷில்லிங், துணி அட்டை ஒன்றரை. மூவண்ணக் கட்டை செய்தது கார்ல் ஹென்ட்ஷெல், அச்சிட்டது அதே எட்மண்ட் எவன்ஸ் அச்சகம். வருடம் முடிவதற்குள் 28,000.

உங்கள் கையில் ஒரு பீட்டர் ராபிட் வந்தால் மூன்று இடம் பாருங்கள். தலைப்புப் பக்கத்தில் 1902 அச்சாகியிருக்கிறதா? வலைக்குள் மாட்டிக்கொண்ட பீட்டர் அழும் பக்கம், 51ஆம் பக்கத்தில், கண்ணீருக்கு என்ன வினைச்சொல்? முதல் அச்சுகளில் "வெப்ட்" என்றிருக்கும், பிற்பாடு அதை "ஷெட்" என்று திருத்தினார்கள். அட்டையைத் திறந்ததும் வரும் தாளில் சாம்பல் நிற இலைக்கோலமா, வண்ணப் படமா? வண்ணப் படத்தாள் 1903இல் வந்தது. அதற்கு இடம் கொடுக்க உள்ளே இருந்த நான்கு படங்களை எடுத்துவிட்டார்கள். பீட்டரின் அப்பாவை "பை" (pie) என்ற மாவுப் பண்டத்துக்குள் வைத்துச் சுட்டுத் தட்டில் எடுத்துவரும் திருமதி மெக்ரிகரின் படமும் அதில் போனது.

அமெரிக்காவில் பதிப்புரிமையைப் பதிவு செய்ய வார்ன் தவறிவிட்டார்கள். 1904இல் ஃபிலடெல்ஃபியாவில் ஹென்றி ஆல்டமஸ் கம்பெனி சத்தமில்லாமல் சொந்தமாக அச்சடித்து விற்றது. பாட்டருக்கு ஒரு காசு போகவில்லை. பாட்டர் மட்டும் சுதாரிப்பாக இருந்தார். 1903இலேயே தன் கையால் ஒரு பீட்டர் பொம்மை தைத்துக் காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டார்.

புத்தகங்களைப் பாட்டரோடு உட்கார்ந்து உருவாக்கியவர் கடைசி மகன் நார்மன். மரவேலை தெரிந்தவர், அண்ணன் மகளுக்காகத் தன் கையால் ஒரு பொம்மை வீடு செய்தார். 1904இல் வந்த இரண்டு எலிகளின் கதையில் எலிகள் புகுந்து துவம்சம் செய்யும் வீடு அதுதான். 1905 ஜூலை 25 அன்று நார்மன் கடிதத்தில் கல்யாணப் பேச்சு எடுத்தார், பாட்டர் சம்மதித்தார். வியாபாரம் செய்கிறவர் வீட்டில் பெண் கொடுப்பதா என்று பாட்டரின் பெற்றோர் முரண்டு பிடித்தார்கள். சரியாக ஒரு மாதம், ஆகஸ்ட் 25. ரத்தப் புற்றுநோயில் நார்மன் போய்விட்டார். வயது 37.

ஏழாம் படி: கெட்ட வருடத்தைத் தேடிப் போங்கள்

ஒவ்வொரு குடும்பத் தொழிலிலும் யாரும் பேசாத வருடம் ஒன்று இருக்கும். கம்பெனி வெளியிட்ட நூற்றாண்டு மலரில் அதைத் தேடாதீர்கள். நாளிதழின் நீதிமன்றச் செய்தியில் தேடுங்கள்.

வார்னுக்கு அது 1917. தலைவராக இருந்த ஹாரல்ட் போலி உண்டியல்களை, அதாவது இன்ன தொகை தரப்படும் என்று எழுதிய வணிகச் சீட்டுகளை, மாற்றியதற்காகக் கைதானார். மொத்தத் தொகை 20,000 பவுண்டு அளவில். 18 மாதம் கடுங்காவல். பாட்டர் தன் ராயல்டி கணக்கு ஒழுங்காக வருவதில்லை என்று அதற்கு முன்பே பல வருடம் கடிதம் எழுதி அலுத்திருந்தார். பணம் எங்கே போனது?

இப்போது முதல் படியில் வட்டம் போட்ட பெயரை எடுங்கள். ஃப்ரூயிங். அம்மா வழித் தாத்தா வில்லியம் ஃப்ரூயிங் ஜெர்சி தீவில் மீன் வியாபாரி. கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் காட் மீன் பிடித்து உப்புப்போட்டு விற்ற கம்பெனி அவருடையது. அந்த மீன் தொழில் குடும்பச் சொத்தாக வார்ன்களிடம் வந்து நொடித்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி நிறுத்த ஹாரல்ட் முயல் சம்பாதித்த பணத்தை எடுத்துக் கடலில் கொட்டினார். புத்தகப் பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபட்டிருக்காது. ஒரு நடுப்பெயரைப் பிடித்துப் போனால் பிடிபடுகிறது.

மீட்டது, அதே தாத்தாவின் பெயரைச் சுமந்த ஃப்ரூயிங் வார்ன். தன் வீடு வாசலை விற்றுக் கடனடைத்தார். பாட்டர்தான் பெரிய கடன்காரர், அதாவது கம்பெனி அவருக்குத்தான் அதிகம் தர வேண்டியிருந்தது. நினைத்திருந்தால் இழுத்து மூடியிருக்கலாம். அவர் பழைய பெட்டியைக் கிளறி, முன்பே வரைந்து வைத்திருந்த படங்களைச் சேர்த்து 1917 கிறிஸ்துமஸுக்கு "ஆப்லி டாப்லி" பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். 1919இல் கம்பெனி "லிமிடெட்" ஆனது. இரண்டாம் படியில் சொன்ன அந்த ஒரு சொல் தலைப்புப் பக்கத்துக்கு வந்த கதை இதுதான்.

எட்டாம் படி: உரிமை யாரிடம் போனது என்று முடித்துவையுங்கள்

இதைச் சுருக்கமாகச் செய்தால் போதும். 1928இல் ஃப்ரூயிங் இறந்தார். 1937இல் பறவைகளைப் பற்றிய கைக்கு அடக்கமான புத்தகத்தோடு "அப்சர்வர்ஸ்" வரிசை தொடங்கி, பிரிட்டிஷ் பிள்ளைகளின் சட்டைப் பையில் பல பத்தாண்டுகள் இருந்தது. 1983இல் பெங்குவின் வார்னை வாங்கியது. பாட்டர் படங்களை மூல ஓவியங்களிலிருந்து புதிதாகப் படமெடுத்து 1987இல் வெளியிட்டார்கள். அதனால் அதற்குப் பின் வந்த பிரதிகளில் வண்ணம் பழையதைவிடத் தெளிவாக இருக்கும். லென்ஸ் இல்லாமலே தெரியும். பிரிட்டனில் பாட்டரின் பதிப்புரிமை 2013 கடைசியோடு தீர்ந்தது. முயலின் உருவத்தை வர்த்தக முத்திரையாக வார்ன் இன்னும் விடாமல் வைத்திருக்கிறது, எனவே கதையை யாரும் அச்சிடலாம், குவளையில் படம் போடுவதற்குமுன் வக்கீலைப் பாருங்கள்.

உயிலையும் விட்டுவிடாதீர்கள். 1943 டிசம்பர் 22 அன்று பாட்டர் இறந்தார். 4,000 ஏக்கருக்கு மேல் நிலத்தை, பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் பிற்பாடு அவர் மணந்த கணவர் வில்லியம் ஹீலிஸின் காலத்துக்குப் பிறகு புத்தக உரிமை யாருக்கு என்று அந்த உயிலில் பாருங்கள். நார்மனின் அக்காள் மகனுக்கு. அவர் பெயர் ஃப்ரெடரிக் வார்ன் ஸ்டீவன்ஸ்.